மடியில் வாங்காத மாதா

எங்கள் கரையோரக் கோவிலில் ஒவ்வொரு தவக்காலமும் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். பாஸ்கு என்போம். எழுதுவது நான். பள்ளிக்கூட மாஸ்டர் என்பதும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் என்பதும் என் தகுதிகள்.

மாதாவாக நடித்தவர், போர் முடிந்த மறுவருடம் வன்னியிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்து தங்கியவர். பகலில் கரையிலுள்ள மீன்வாடியில் கருவாடு காயப்போடுவார். மேடையில் குரலை உயர்த்தவே மாட்டார். கடைசி வரிசைக்கும் கேட்கும். பிலாத்துவாக வந்த எனக்கு இரண்டு மைக் வைத்தும் கேட்கவில்லை. கேட்காதது நல்லது என்றார்கள்.

மாதா வேடம் கட்டுபவர் விபூதிப் புதனிலிருந்து மீன், இறைச்சி உண்ணக்கூடாது, சண்டை பிடிக்கக்கூடாது. நாற்பது நாளும் ஊர் அவரை மாதா என்றே கூப்பிடும். அவர் மேடையில் செய்ததை வெறும் நடிப்பென்று யாரும் எண்ணுவதில்லை.

அவர் மாதாவான நான்காம் வருடம் எனக்கு இலக்கிய ஆசை பிடித்தது. அதுவரை சிலுவையோடு முடிந்த நாடகத்தில், இறக்கிய உடலைத் தாய் மடியில் ஏந்திப் புலம்பும் காட்சியைச் சேர்த்தேன். பன்னிரண்டு கண்ணி ஒப்பாரி. எழுதிவிட்டு நானே அழுதேன். மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

ஒத்திகையில் உடலை இறக்கியபோது மாதா இரண்டடி பின்வாங்கினார்.

"நான் மடியில வாங்க மாட்டன், மாஸ்டர்."

கரைவலை இழுக்கும் எங்கள் இயேசு நல்ல பாரம். அதுதான் காரணமென்று நினைத்தேன். "ரெண்டு பேர் தாங்கிப் பிடிப்பினம்" என்றேன்.

"நான் நோன்பில மெலிஞ்சு போனன், அக்கா" என்றார் இயேசு, கிடந்தபடியே.

எல்லோரும் சிரித்தார்கள். மாதா சிரிக்கவில்லை.

"போன கிழமை அரசாங்கக் கந்தோருக்குக் கூப்பிட்டவை. மகன் செத்துப்போனான் எண்டு கையெழுத்துப் போட்டா மரணப் பத்திரம் தருவினமாம். போடாம வந்தனான். இங்க ஊர் முன்னால மடியில வாங்கினா, போட்ட மாதிரித்தானே?"

போரின் கடைசி மாதங்களில் காணாமல்போன மகன். அவனைத் தேடி அவர் ஏறி இறங்கிய இடங்கள் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பன்னிரண்டு கண்ணி எழுதியிருக்கிறேன்.

காட்சியை எடுத்துவிட்டேன். பங்குச் சுவாமியாருக்கு வருத்தம். "நல்ல காட்சி, மாஸ்டர்."

"மடியில ஏந்தினதா சுவிசேஷத்தில இல்லையே, சுவாமி. பக்கத்தில நிண்டதாத்தான் இருக்கு."

சுவாமியார் தலையாட்டினார். "அப்ப நிக்கட்டும்."

பெரிய வியாழன் பின்னேரம் மாதா நின்றார். உடலை மற்றவர்கள் இறக்கிச் சுமந்துகொண்டு போனார்கள். வெறும் சிலுவைக்குக் கீழே, ஒரு சொல்லும் இல்லாமல், நேரே எங்களைப் பார்த்தபடி நின்றார். திரை பிடித்தவர் என்னைப் பார்த்தார். பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

முடிந்தபின், உச்சமுனையிலிருந்து படகில் வந்திருந்த பெண் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மாதாவிடம் நீட்டினார். பள்ளிச் சீருடையில் ஒரு பையன்; கீழே காணாமல்போன திகதி எழுதியிருந்தது.

மாதா வேடம் கலையாமலே படத்தை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப எத்தினை வயசு?"

"வாற ஆவணிக்கு இருபத்தாறு."

"அப்ப பொம்பிளை பாக்க வேணும்" என்றார் மாதா.

"ஓம், பாக்கத்தான் வேணும்" என்றார் அந்தப் பெண்.