நைனாவை எங்கே காணோம்?

கும்மிடிப்பூண்டி இரும்பு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கதை எழுதும் பைத்தியம் பிடித்திருந்தது. பொன்னேரிப் பக்கம் எங்கள் ஊர். ஊர் டீக்கடையில் எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரர்களுக்குத் தகர டம்ளர். அது கூரை ஓரத்தில் தொங்கும். அவர்களே எடுத்து, தெருவில் நின்று குடித்து, அவர்களே கழுவி மாட்டவேண்டும். அதைத்தான் எழுதினேன். ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி நான், கடையைத் தூக்கித் தஞ்சாவூரில் வைத்துவிட்டேன். தஞ்சாவூரை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது.

என்னோடு வேலை செய்த சிநேகிதன் எங்கள் ஊர்க் காலனிக்காரன். ஃபேக்டரி கேன்டீனில் இரண்டு பேரும் ஒரே கிளாஸில் பாதிப் பாதி குடிப்போம். ஊரில் இறங்கினால் அவனுக்குத் தகர டம்ளர்தான். ரயிலில் கதையைப் படித்துவிட்டு என்னை முறைத்தான்.

"இன்னாபா இது? கடை நம்ம கடை, டம்ளரு நம்ம டம்ளரு. பெஞ்சியில குந்திகினு இருப்பாரே உங்க நைனா, அவர மட்டும் எங்க காணோம்?"

நைனா என்றால் என் அப்பா. எனக்கு ரோஷம் வந்துவிட்டதே! கடையை எங்கள் ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்து, நைனாவை மீசையோடும் பொடி டப்பாவோடும் பெஞ்சியில் உட்காரவைத்து, புதிதாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பாவிகள், போட்டுவிட்டார்கள்.

நைனா குதித்தார். "எல்லாம் பொய்யின்னு அந்தப் பத்திரிகைக்கு எழுதிப் போடு. இல்லன்னா இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காத!"

"எது பொய்யின்னு சொல்லுங்க நைனா, எழுதறேன்."

"சொல்றேன்டா! ஊரையே சாட்சி வெச்சிகினு சொல்றேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் நல்ல கூட்டம். நைனா பெஞ்சியில் உட்கார்ந்து கதையை வரிவரியாகப் படித்தார். பஞ்சாயத்தில் பேசிப் பழகிய குரல், ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்.

"பெஞ்சிக்கு மூணு காலுன்னு எழுதிகிறான். புளுகு! எத்தினி காலுய்யா?"

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "மூணுதாங்க. நாலாவது செங்கல்லு."

"எதிர்த்துப் பேசினா என் மீசை துடிக்குமாம். எப்படா துடிச்சிது?"

துடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் நான் இருமித் தொலைத்தேன்.

அப்புறம் டம்ளர் வரும் இடம் வந்தது. நைனாவின் குரல் தானாக இறங்கியது. வாய்க்குள்ளேயே முணுமுணுத்து அந்தப் பத்தியைத் தாண்டப் பார்த்தார்.

தெருவில் டம்ளரும் கையுமாக நின்றிருந்த என் சிநேகிதன் குரல் கொடுத்தான். "ஐயா, அந்த எடம் மட்டும் எங்களுக்குக் கேக்கல. கொஞ்சம் சத்தமா படிங்க."

ஊரைக் கூட்டியவர் அவர்தானே, எழுந்து போக முடியவில்லை. மறுபடியும் படித்தார், சத்தமாகவே. முடித்துவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தார். பொய் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.