முழங்காலுக்குக் கீழே

நான் எழுதியதில் மில்லில் இருந்த எல்லோரும் படித்தது ஒரே ஒரு பக்கம்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி உருட்டும் ஒரு மில்லில் பதினான்கு வருடமாக ஆபீஸ் வேலை பார்க்கிறேன். எச்.ஆர். என்று கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆயுத பூஜை அழைப்பிலிருந்து கேண்டீன் போர்டு வரை தமிழில் எழுத வேண்டியது எல்லாம் என் தலையில்தான் விழும். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. பிழை இல்லாமல் நாலு வரி எழுத இங்கே வேறு ஆள் கிடையாது என்று வீட்டில் அடிக்கடி அளப்பேன்.

பக்கத்து யார்டில் பட்டப்பகலில் செம்புக் கம்பி திருட்டுப் போன பிறகு, எங்கள் முதலாளி ஒரு கன்மேனை வேலைக்கு வைத்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளிப்பட்டுக்காரர், சொந்த லைசென்ஸில் ரிவால்வர் வைத்திருந்தார். எல்லோரும் அவரை மிலிட்டரி என்றே கூப்பிட்டார்கள். அவர் சேர்ந்த வாரமே முதலாளி என்னைக் கூப்பிட்டு, "எவனாச்சும் செத்துக்கித்துப் போனா மில்லுக்குப் பூட்டுதாம்மா. சுட்டா காலுலதான் சுடணும்னு ரூல்ஸ் எழுதி கையெழுத்து வாங்கிடு" என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. வாரம் ஒரு முறையாவது பேப்பரில் வருகிறதே, இன்னாரைக் காலில் சுட்டுப் பிடித்தனர் என்று. கால் என்பது சுடுவதற்கென்றே இருக்கிற இடம் என்பது போலத்தான் நானும் நினைத்திருந்தேன். "தவிர்க்க முடியாத நிலையில் மட்டும், முழங்காலுக்குக் கீழே சுடலாம்" என்று எழுதினேன். எழுதி முடித்து வாய்விட்டுப் படித்தும் பார்த்துக்கொண்டேன். நன்றாக இருந்தது.

மிலிட்டரி அதை மூன்று முறை படித்தார்.

"மேடம், இது ஆவாது."

"ஏன்?"

"ஓடியாறவன் காலு ஒரு எடத்துல நிக்குமா? வரப்புல ஓடுற நண்ட குச்சியால அடிச்சிப் பாருங்க, தெரியும். அப்புடியே பட்டாலும் கோவத்துல வர்றவனுக்கு ஒறைக்காது. நடு ஒடம்புல பட்டாக்கூட ஒடனே உழ மாட்டான் மேடம். பத்து இருபது அடி ஓடியாந்துடுவான். நானே கண்ணால பாத்திருக்கேன்."

"சினிமால ஒரே குண்டுல பத்தடி தூரம் போய் விழறாங்களே" என்றேன், கிண்டலாக.

அவர் சிரிக்கவில்லை. "எழுதறதுன்னா இத எழுதுங்க. என் துப்பாக்கிய நம்பி யாரும் நிக்கக் கூடாது. சத்தம் கேட்டா உள்ள ஓடி கதவ சாத்திக்கணும்."

"அப்போ உங்கள எதுக்கு வெச்சிக்கினு இருக்கோம்?"

"அவங்க ஓடறதுக்கு நேரம் கெடைக்கணும் இல்ல, அதுக்கு."

எனக்கு எரிச்சல் வந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு எல்லோரையும் ஓடச் சொல்கிறாரே என்று நினைத்தேன். முதலாளி சொன்னது இது, இஷ்டம் இருந்தால் போடுங்கள் என்று பேனாவை நீட்டினேன். பெண் கல்யாணத்துக்கு இருக்கிற மனுஷன், போட்டுவிட்டார். நான் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கேட் ரூமில் மாட்டினேன்.

என் தம்பியும் அதே மில்லில்தான் இருந்தான். லாரிகளை எடை போடும் வே பிரிட்ஜில் ஆபரேட்டர். நான்தான் சேர்த்துவிட்டேன். எங்கள் அம்மா ஊரார் நிலத்தில் நடவு நட்டு எங்களைப் படிக்க வைத்தவள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே கேட்டுக்குள் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு போவதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. புதுவாயல் பக்கத்தில் எங்கள் ஊரில், அம்மாவும் தம்பியும் ஒரு தெரு, நானும் என் வீட்டுக்காரரும் அடுத்த தெரு. அவனுக்கு இருபத்தொன்பது வயது. பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் இரும்பு லோடில் ஈர மண் கலந்து எடை ஏற்றிக் கொண்டுவந்த ஒரு லாரியைத் தம்பி திருப்பி அனுப்பினான். லோடு கொண்டுவந்த ஆள் கேட்டிலேயே கத்திவிட்டுப் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு என் டேபிளுக்கு வந்த தம்பி டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அந்தாளு ஒரு மாதிரி பாத்துக்கினே போனான். ரெண்டு நாளு லீவு போட்டுக்கவா?"

"அவன் பேசுனதுக்கெல்லாம் லீவு போட்டா மாசம் பூரா ஊட்லதான் இருக்கணும்" என்றேன். "கன்மேன் இருக்காரு இல்ல? இன்னா பயம்? ஒன் எடத்த உட்டு நகராம வேலயப் பாரு."

சரி என்று சாப்பிட்டுவிட்டுப் போனான்.

நான்காவது நாள் காலை பதினொரு மணிக்கு அந்த ஆள் வந்தான். திறந்திருந்த கேட் வழியாக ஒரு லாரி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் கத்தியோடு ஓடி வந்தான். அப்போது நான் மாடியில் இருந்தேன். சத்தம் கேட்டபோது டயர் வெடித்தது என்று நினைத்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போலீஸார் கேமரா பதிவைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுக்க வேண்டியவளும் நான்தான். அதனால் பார்த்தேன். கேட்டிலிருந்து வே பிரிட்ஜ் கேபின் வரை இருபது எட்டு வைக்கிற தூரம் இருக்கும். மிலிட்டரி கேட் ரூமை விட்டு வெளியே வந்து கத்துகிறார். துப்பாக்கியைத் தூக்குகிறார், பிறகு கையைக் கீழே இறக்குகிறார். முதல் குண்டு தரையில் பட்டுத் தூசி கிளம்புகிறது. இரண்டாவது அவன் கெண்டைக்காலைத் துளைத்துக்கொண்டு போனது என்று பிறகு டாக்டர் சொன்னார். படத்தில் அது தெரியவே இல்லை. அவன் நொண்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் அவனுக்கு நேர் எதிரே, குண்டு போகிற கோட்டிலேயே என் தம்பி இருந்ததால் மூன்றாவது முறை சுட மிலிட்டரிக்கு வழியில்லை.

என் தம்பி கேபின் வாசலில் நிற்கிறான். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் திறந்திருக்கிறது. சத்தம் கேட்டதும் அவன் முதலில் அந்த ஆளைப் பார்க்கிறான், பிறகு மிலிட்டரியைப் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஓடுவதற்கு நேரம் இருந்தது. நான் அதைப் பல முறை ஓட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் நேரம் இருந்தது. உள்ளே போடா, உள்ளே போடா என்று அந்த கம்ப்யூட்டரிடம் சொல்லி அழுதேன்.

வெட்டிய பிறகு ஐந்தாறு எட்டு போய்த்தான் அந்த ஆள் உட்கார்ந்தான். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே தம்பி போய்விட்டான்.

மறுநாள் பேப்பரில், கொலையாளியைக் காவலர் காலில் சுட்டுப் பிடித்தார் என்று போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் என் பக்கத்தைப் படித்துவிட்டு, முறைப்படிதான் நடந்திருக்கிறது என்று மிலிட்டரியையும் கம்பெனியையும் விட்டுவிட்டார். முதலாளி என்னிடம், "நல்ல வேள, நீ எழுதி வெச்சேம்மா" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு போனார்.

சாவு வீட்டுக்கு மிலிட்டரி வந்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்தாள். "கையில துப்பாக்கிய வெச்சிக்கினு எம்புள்ள வெட்டுப்படறத வேடிக்க பாத்தியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளயா? மாரப் பாத்து சுட்டிருந்தா எம்புள்ள இருப்பானே."

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் அம்மாவைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தேன். நானும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டிய நேரம் அதுதான்.

கருமாதி முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, அவர் கணக்கை முடித்துக்கொண்டு போவதற்காக வந்தார். கையெழுத்து வாங்க வேண்டிய பேப்பரை நீட்ட எனக்குக் கை வரவில்லை.

"எங்கம்மா அவ்ளோ பேசுனாங்களே, நீங்க ஏன் சொல்லல?"

"சொல்லி இன்னா மேடம்? ரெண்டு புள்ளைங்கள்ல ஒண்ணு பூட்ச்சி. அவங்க என்னத் திட்டிக்கினு இருந்தா, உங்க மடியிலயாச்சும் படுத்து அழுவாங்க இல்ல." பிறகு சொன்னார், "மாருக்குத்தான் தூக்கினேன். கையெழுத்து போட்டது நெனப்புக்கு வந்துச்சி. கைய எறக்கிட்டேன். நீங்க மன்னிக்கணும்."

மாருக்கே சுட்டிருந்தாலும் அவன் அந்தத் தூரம் ஓடி வந்திருக்கலாம். அதை முன்பே சொன்னவரும் அவர்தான். அதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது.

அதற்குப் பிறகும் பல வாரம் அம்மா மிலிட்டரியைத் திட்டிக்கொண்டே இருந்தாள். காலையில் எழுந்ததும் திட்டுவாள், சோறு பொங்கும்போது திட்டுவாள். அவருடைய பெண்ணுக்கு நல்லதே நடக்கக் கூடாது என்று ஒரு நாள் மண்ணை வாரித் தூற்றினாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா என் முகத்தில் விழிக்காமல் போனாலும் போகட்டும் என்று எதிரில் உட்கார்ந்தேன்.

"அவரு மேல தப்பு இல்லம்மா. காலுலதான் சுடணும்னு எழுதி கையெழுத்து வாங்குனது நான். அவரு ஆவாதுன்னுதான் சொன்னாரு. எல்லாரையும் ஓடச் சொல்லி எழுதச் சொன்னாரு. நான் எழுதல. தம்பி பயந்துக்கினு லீவு கேட்டான். கன்மேன் இருக்காரு, எடத்த உட்டு நகராதன்னு சொல்லிட்டேன்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதான் நின்னுக்கினு இருந்தானா" என்றாள். "நீ சொன்னா கேட்டுக்குவான், சின்னதுலேர்ந்தே."