அருணா விட்டுக்கொடுத்த காடு

மேட்டுக்கொட்டாயில் டீச்சர் படிப்புப் படித்த முதல் பெண் அருணா. இதை அவளுடைய அக்கா வெள்ளையம்மா யாரும் கேட்காமலேயே சொல்லுவாள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே சொல்லிவிடுவாள். வெள்ளையம்மா எட்டாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தவள். ஒரு தையல் நூலிழை விலகினாலும் முழுசாகப் பிரித்துவிட்டு மறுபடி போடுவாள். அப்படிப்பட்டவள் தங்கை விஷயத்தில் மட்டும் எந்தக் குறையும் கண்டதில்லை.

போச்சம்பள்ளிப் பக்கம் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த நேரம் அது. இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். திருநெல்வேலி, விருதுநகர், திண்டுக்கல் என்று எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்து லைன் வீடுகளில் குடியேறின. அந்தப் பிள்ளைகளும், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட உள்ளூர்ப் பிள்ளைகளும் படிக்க ஒரு இணைப்பு மையம் திறந்தார்கள். அரசாங்க வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த அருணாவுக்கு அதில் டீச்சர் வேலை கிடைத்தது.

மையம் என்பது ஒரே ஒரு அறை. மேலே சிமெண்ட் ஷீட்டு, பக்கத்தில் மோட்டார் ரிப்பேர் கடை. உச்சி வெயிலில் ஷீட்டு காய்ந்து அனல் இறங்கும்; கடையில் சம்மட்டி விழும். அருணா ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். அடுத்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர்க்காட்டுக்குப் போய்விட்டாள்.

ஊர்க்காடு பாரூர் ஏரி வாய்க்காலுக்கு மேட்டுப்புறம் இருந்தது. பஞ்சாயத்து நிலத்தில் எப்போதோ சர்க்கார் நட்டுவிட்டுப் போன கன்றுகள், பறவை போட்ட விதையில் தானாக முளைத்தவை என்று எல்லாம் சேர்ந்து வளர்ந்திருந்தது. புங்கன், வேம்பு, நாவல், உசிலை. யாருக்கும் சொந்தமில்லை. ஆடு ஓட்டுகிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் போய் வருவார்கள்.

முதலில் ஊர் சிரித்தது.

"ஏம்மா டீச்சரு, ஆடு மேய்க்கறதுக்குப் புள்ளைங்கள இன்னாத்துக்கும்மா உன்கிட்ட அனுப்பணும்? நானே மேய்க்க விட்டுட்டுப் போறேன்" என்றாள் கருப்பாயி. ஊர் மாரியம்மன் கோயிலில் சாமி ஆடுகிறவள் அவள். வாய்த்துடுக்கும் அவளுக்கு அதிகம்.

"ஆட்டையும் அனுப்பு பெரியம்மா. அதுக்கும் ரெண்டு எழுத்து சொல்லித் தரேன்" என்றாள் அருணா.

அங்கே அவள் நடத்திய பாடத்தை வெள்ளையம்மா பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறாள். மதியத்துக்குச் சுண்டல் எடுத்துப் போகிற சாக்கில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு மரத்தைக் காட்டி அருணா பேர் கேட்பாள். தமிழ்ப் பிள்ளைகள் புங்கன் என்பார்கள், தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளை கானுக என்பான், எல்லையைத் தாண்டி வந்த கன்னடக்காரர் பெண் ஹொங்கே என்பாள். மூன்றையும் மண்ணில் குச்சியால் எழுத வைப்பாள். எழுத்து வராத பிள்ளைக்கும் அன்றைக்கு மூன்று பாஷை தெரிந்த பெருமை வந்துவிடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரம் சொந்தம் என்று பிரித்துக் கொடுத்திருந்தாள். கண்ணைக் கட்டி அழைத்துப் போய், பட்டையைத் தடவி, முகர்ந்து பார்த்துத் தன் மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மரத்துக்கு அடையாளம் வேண்டுமே? ஆணி அடித்தால் மரத்துக்கு வலிக்கும், பெயிண்ட் அடித்தால் கெட்டுப்போகும் என்று யோசித்து, அக்காவிடம் துணிக் கீற்று கேட்டாள். வெள்ளையம்மாவிடம் லைனிங் துணியில் மிச்சம் நிறைய இருந்தது, எல்லாம் மஞ்சள். பிசிறு வராமல் நாலு ஓரமும் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். எந்தப் பிள்ளைக்கு எந்த மரம் என்று மறக்காமலிருக்க, அந்தந்த மரத்தின் விதையையோ காயையோ கீற்றில் வைத்து முடிந்து அடிமரத்தில் கட்டினார்கள் பிள்ளைகள். காடு முழுக்க மஞ்சள் முடிச்சு தொங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி லாவண்யா. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். அம்மா பூங்கொடிக்குக் கம்பெனியில் பேக்கிங் வேலை, அப்பாவுக்கு வேறொரு கம்பெனியில் ஷிப்டு. ஊரில் வாய் ஓயாமல் பேசிய பிள்ளைதானாம். இங்கே வந்த புதிதில் அவள் "ஏட்டி, இங்ஙன வா" என்றதற்குத் தெருவே சிரித்து, அப்படியே பேசிக் காட்டியிருக்கிறது. அன்றோடு வாயை மூடியவள்தான். வீட்டிலும் பேச்சில்லை. கிருஷ்ணகிரியில் டாக்டரிடம் காட்டினார்கள், குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். மாமியார் ஊரிலிருந்து போன் போட்டு, ஊமையைப் பெற்றவள் என்று பூங்கொடியைத் திட்டினாள்.

அருணா அந்தப் பிள்ளையைப் பேசு என்று ஒருநாளும் சொன்னதில்லை. காட்டுக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் யாருமே பேசக் கூடாது, காது மட்டும்தான் என்று எல்லாருக்கும் சட்டம் போட்டாள். அந்த நேரத்தில் லாவண்யா மற்றப் பிள்ளைகளைப் போலவே ஒருத்தி. அவளுக்குக் கிடைத்தது வாய்க்கால் ஓரத்துப் புங்கன். அதில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அருணாவும் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாள். மழைக்காலம் முழுக்க இப்படித்தான் போயிற்று.

"இதுக்கா ரெண்டு வருஷம் படிச்ச? கல்லு மாதிரி குந்தியிருக்கறதுக்கு?" என்று வெள்ளையம்மா கேட்டாள்.

"கல்லு மாதிரி குந்தறதுதாங்க்கா கஷ்டம். நீ குந்திப் பாரு, தெரியும்."

தை பிறந்து ஒரு சனிக்கிழமை. வெள்ளையம்மா சுண்டல் தூக்கை இறக்கி வைத்து முந்தானையால் முகம் துடைத்தாள். யாரோ அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். லாவண்யா. மேலே புங்கன் கிளையைக் காட்டினாள். செவ்வெறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் வெள்ளை இழை ஓட்டி அவற்றை ஒட்டிக்கொண்டிருந்தன.

"அத்த, எறும்பு தைக்குது" என்றாள் லாவண்யா.

வெள்ளையம்மா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். அருணாதான், அது அன்றாடம் நடக்கிற பேச்சு போல, "எப்படித் தைக்குது, சொல்லு பார்க்கலாம்" என்றாள். பிள்ளை சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குக் காட்டை விட்டு வெளியே வரும்வரை அருணா திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் அழுவது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று முன்னால் நடந்ததை வெள்ளையம்மா ஒருத்திதான் பார்த்தாள்.

மறுநாள் பூங்கொடி காட்டுக்கு வந்தாள். எந்த இடத்தில் பேசினாள் என்று மகளையே கேட்டாள். மகள் புங்கனைக் காட்டினாள். மஞ்சள் துணி, அதில் ஒரு முடிச்சு. பூங்கொடி தலைக்கு மேல் கை கூப்பினாள். யாரோ ஒருத்தி நேர்ந்து முடிந்த மரம், அந்த அம்மன் என் பிள்ளைக்கும் வாய் திறந்து விட்டிருக்கிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றும். வேறு எப்படித் தோன்றும்? வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்து மரத்தடியில் பொங்கல் வைத்தாள். புகையைப் பார்த்துவிட்டு வந்த கருப்பாயி காடு முழுக்கத் தொங்கிய முடிச்சுகளைப் பார்த்து அப்படியே நின்றாள். பிள்ளைகள் கட்டியவை என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் பிள்ளைகளின் கையால் கட்ட வைத்ததும் ஆத்தாதானே என்றாள். 

புங்கமரத்தம்மன் என்று பேர் விழுந்தது. லைன் வீட்டுப் பெண்கள் ஷிப்டு முடிந்து வந்து முடிச்சு கட்டினார்கள். மத்தூரிலிருந்தெல்லாம் வந்து தொட்டில் கட்டினார்கள்.

அருணா முதலில் சந்தோஷப்பட்டாள். "நல்லதாப் போச்சுக்கா. இனிமே ஒருத்தன் ஒரு மிலாறு வெட்ட மாட்டான். சாமியே காவக்காரி" என்றாள்.

அவள் கணக்குப் பிசகியது அங்கேதான். விறகு வெட்டுவதுதான் நின்றது. அம்மன் மரத்தில் ஏறக் கூடாது என்றார்கள். சரி என்றாள். செருப்போடு வரக் கூடாது என்றார்கள். பிள்ளைகள் முள்ளில் நடந்தார்கள். எறும்பு பக்தர்களைக் கடிக்கிறது என்று மருந்துப்பொடி தூவினார்கள். புதரை வெட்டிச் சுத்தம் பண்ணினார்கள். கடைசியில், அம்மனுக்குக் கொட்டகையும் சிமெண்டுத் தரையும் போட வேண்டும், அதற்கு இடைஞ்சலான மரங்களை எடுக்க வேண்டும், பிள்ளைகள் இனிமேல் உள்ளே வந்து கூத்தடிக்கக் கூடாது என்று பேச்சு வந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் சென்னகிருஷ்ணன் நியாயஸ்தர். பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைக் கூட்டினார். அருணாவைத் தனியே அழைத்து, "ஏமா, அது பஞ்சாயத்து நிலம். முடிச்சு உங்க கிளாசுக்குக் கட்டினதுன்னு நீ சபையில வாய் திறந்து சொல்லிடு. மத்தத நான் பார்த்துக்கறேன். காடு காடாவே இருக்கும்" என்று சொல்லியிருந்தார்.

சொன்னால் போதும். அதற்காகவே வெள்ளையம்மா முடிச்சு ஒன்றை அவிழ்த்து எடுத்துப் போயிருந்தாள். நாலு ஓரமும் தன் கைத்தையல் என்று ஊருக்குக் காட்ட வேண்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் கேட்டார். அருணா எழுந்து நின்றாள். "அந்த முடிச்சுங்க..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் கருப்பாயி எழுந்துவிட்டாள்.

"அவள எதுக்குக் கேக்கறீங்க? பேச்சு வந்த புள்ள இங்கதான குந்தியிருக்குது, அதயே கேளுங்க. ஏ கண்ணு, எழுந்து சொல்லு. உன்ன பேச வெச்சது யாரு? ஆத்தாளா, டீச்சரா?"

கூட்டம் முழுக்க லாவண்யா பக்கம் திரும்பியது. "சொல்லு பாப்பா!" "சத்தமாச் சொல்லு!" யாரோ சிரித்தார்கள். பூங்கொடி பதறி, "சொல்லுட்டி, அம்மன்னு சொல்லுட்டி" என்று மகளின் தோளை உலுக்கினாள். பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. வந்த புதிதில் இருந்த அந்தப் பழைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதை வெள்ளையம்மாவே பார்த்தாள்.

"அம்மன்தாங்க" என்றாள் அருணா.

தலைவர் நிமிர்ந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"நான் கிட்டவேதான் இருந்தேன். அம்மன்தான். புள்ளய விட்டுடுங்க, அது வீட்டுக்குப் போவட்டும்."

வெள்ளையம்மா மடியிலிருந்த துணியோடு எழப் பார்த்தாள். அருணா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அந்தப் பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பது வெள்ளையம்மாவுக்கு இன்னும் மறக்கவில்லை. கருப்பாயி குலவையிட்டாள். அந்தச் சத்தத்தில் லாவண்யாவை எல்லாரும் மறந்துபோனார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் அம்மாவிடம், தாகமாக இருக்கிறது, தண்ணீர் வேண்டும் என்று கேட்பது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெள்ளையம்மா திட்டித் தீர்த்தாள். "ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஒரு காட்டையே தூக்கிக் கொடுத்துட்டு வர்ற."

"அது மொகத்தப் பார்த்த இல்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்னக்கா?"



பங்குனிக்குள் மரங்களை எடுத்துவிட்டார்கள். லாவண்யாவின் புங்கன் மட்டும் நின்றது, சுற்றிலும் சிமெண்டும் கம்பிவேலியுமாக. வகுப்பு மறுபடியும் ஷீட்டு அறைக்குப் போயிற்று. அருணா தொட்டியில் செடி வைத்தாள், இலை பொறுக்கி வந்து பரப்பினாள். பிள்ளைகள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்கள். பெரிய பையன்கள் ஒவ்வொருவராக நின்று, கம்பெனி கேண்டீனில் தட்டு கழுவப் போனார்கள். கன்னடக்காரர் குடும்பம் ஓசூர் பக்கம் போய்விட்டது. வருகிற பிள்ளைகள் குறைந்துபோனதால் கோடை விடுமுறைக்குப் பிறகு மையத்தைத் திறக்கவில்லை. அரசாங்க வேலைக்கான அழைப்பும் வரவில்லை. அருணா ஒன்றுக்கும் அழவில்லை. சாப்பாட்டை மட்டும் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவாள். கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள். வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்வதற்கு முந்தின நாள்தான் புங்கமரத்தம்மனுக்கு முதல் திருவிழா. அருணா போகவில்லை. வெங்காயம் அரிந்துகொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். கோயிலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தது. திடீரென்று பாட்டு நின்றது. மைக்கைத் தட்டுகிற சத்தம். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், அம்மன் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தது. தாளம் தப்பியது, நடுவில் மறந்தது, "இருங்க, இருங்க, இந்தா வருது" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பாடியது. தெற்கத்திப் பேச்சு துளியும் மாறவில்லை. கூட்டம் சிரித்தது. குரல் நிற்கவில்லை.

அருணாவின் கை அரிவாள்மணையில் அப்படியே நின்றது.

வெள்ளையம்மாவுக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் ஜன்னல் கதவை இழுத்தாள்.

"மூடாதக்கா" என்றாள் அருணா.

வெள்ளையம்மா கதவைத் திறந்து வைத்தாள். பாட்டு முடிந்ததும் அருணா மிச்ச வெங்காயத்தை அரிந்தாள். மறுநாள் விடிகாலையில் கம்பெனி பஸ் வந்தது. மற்றப் பெண்களோடு ஏறிப் போனாள்.