மதிலோரத்து மஞ்சள்

நர்சரி வைத்துப் பிழைக்கும் சகாக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: செடி தானாக வளர்ந்துவிடும், அதை வாங்க வருகிறவரைச் சமாளிப்பதில்தான் நம் ஆயுள் கரைகிறது.

நிபந்தனைகள்

என் நர்சரி அழகர்கோவில் சாலையில் இருக்கிறது. பக்கத்துக் காலனியிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் வந்தார். தை மாதம் மகளுக்கு வீட்டில் நிச்சயதார்த்தம். அதற்குள் முன்மதிலை ஒட்டி ஒரு வரிசை மஞ்சள் பூ வேண்டும். ஆள் உயரம் வளர வேண்டும், அக்கம்பக்கம் பரவக் கூடாது, வருடா வருடம் புதிதாக நடக் கூடாது. மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை நிபந்தனை போட்டிருக்க மாட்டார்.

யோசிக்காமல் ஆவாரை என்றேன். தண்ணீர் கேட்காது, வெட்டிவிட்டால் சொன்ன இடத்தில் நிற்கும். அவர் முகம் சுருங்கிவிட்டது. காலனிச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மதில் வரிசை சரியாக வந்தால் காலனிப் பூங்கா வேலையும் எனக்கே என்று சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் ஒரு வருடம் நிம்மதியாக மூச்சு விடுவேன். அதனால் அவர் இப்படிக் கேட்டதும் ஆவாரைப் பேச்சை அத்தோடு விட்டேன்: "வாடிப்பட்டி ரோட்டோரத்துல ஆடுகூட திங்காம நிக்கிறதை எங்க வீட்டு முன்னாடி வைக்கச் சொல்றீங்களா?"

கல்வாழை

மஞ்சள் கல்வாழையை அவரே தேர்ந்தெடுத்தார். கிழங்கு மண்ணுக்குள் ஓடும் என்று இரண்டு முறை சொன்னேன். கேட்டால்தானே. மூன்றாவது மாதம் மல்லிகைப் பாத்தியில் நாலு, கேட்டுக்குப் பக்கத்தில் ஆறு என்று முளைத்து நின்றது. போனில் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் கேட்டது ஒரு வரிசை. நீங்க குடுத்தது ஊர்வலம்."

அரளி

அடுத்து மஞ்சள் அரளி. உயரம், பூ, அடக்கம் எல்லாம் சரி. காய் விஷம் என்பதையும் சொன்னேன். "நாங்க என்ன காயவா திங்கப் போறோம்" என்று சிரித்தார். மறுநாள் காளவாசலிலிருந்து அவர் தங்கை வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட, சாயங்காலமே அத்தனையையும் பிடுங்க வேண்டியதாயிற்று. பிடுங்கும்போது பக்கத்தில் நின்றபடி என்னைத்தான் கேட்டார்: "பொண்ணு வீட்டுல விஷச்செடி இருக்குன்னு பேச்சு வந்தா, நிச்சயத்தை நீங்க வந்து நடத்துவீங்களா?"

பேர்ப்பலகை

எனக்குப் பொறுமை போய்விட்டது. இடுப்பளவு வளர்ந்த ஆவாரைகளைப் பெரிய பையோடு கொண்டுபோய் இறக்கினேன். சின்னப் பிளாஸ்டிக் அட்டையில் 'சென்னா ஆரிகுலேட்டா' என்று ஆங்கில எழுத்தில் எழுதி முதல் செடிக்கு முன்னால் குத்தினேன். ஆவாரையின் தாவரப் பெயரே அதுதான். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. பத்து நாளாக மொட்டைக் கிள்ளி எறிந்திருந்ததால் பூவும் இல்லை. கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். "பாத்தீங்களா, தேடுனா நல்ல வெரைட்டி கிடைக்கத்தானே செய்யுது?"

காப்பு

பொங்கலுக்கு முதல் நாள் உரம் வைக்கப் போனேன். மதிலோரம் முழுக்க மஞ்சள். அவர் மனைவி ஒரு கொத்து ஒடித்து, வேப்பிலையும் கூரைப்பூ என்கிற பூளைப்பூவும் சேர்த்து வாசல் நிலையில் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார். ஆவாரை என்று தெரிந்துவிட்டதே என்று உரமூட்டையோடு வந்த வழியே திரும்பினேன். அந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சாவகாசமாகச் சொன்னார்: "பயப்படாதீங்க. வருசா வருசம் அவுக தலைக்கு மேலதான் இதைக் கட்டுறேன். நிமிந்து பாத்தாத்தானே?"

நிச்சயம்

விசேஷத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் இறங்கும்போது நான் ஹோஸோடு ஓரமாக நின்றேன். வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயிகள் அவர்கள். மேலாளர் சம்பந்தியை நேராகச் செடியிடம் கூட்டிப்போய், "சென்னா, அபூர்வமான வெரைட்டி" என்றார். சம்பந்தி ஒரு பூவைக் கிள்ளி முகர்ந்தார். "எங்க காட்டு வரப்புல ஆவாரை அம்புட்டு நிக்கிது சம்பந்தி. ஆனா இப்படி வரிசையா வெட்டி விட்டா இம்புட்டு அழகா இருக்கும்னு எனக்குத் தோணலையே."

மேலாளர் அட்டையைப் பார்த்தார், வாசல் நிலையில் வாடிக்கிடந்த காப்பைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். பூங்கா வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். பந்தி முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்துக் காதோரம் சொன்னார்: "பார்க்குக்கும் இதையே வைங்க. ஆனா அந்தப் பேரை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்க."

இப்போது என் நர்சரியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தைவிட அட்டை எழுதும் நேரம்தான் அதிகம்.