அச்சில் விழுந்த கோடு

வாளையார் சோதனைச்சாவடியில் இன்று ஒரு டிரெய்லர் சக்கரத்திலிருந்து வந்த கருகிய ஆயில் வாசம், நாலுவழிச் சாலைக்கு அடியில் போய்விட்ட எங்கள் பழைய ஒர்க்‌ஷாப்பின் நினைவுக்கு என்னைக் கொண்டுபோனது. அங்கே சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புகளை டீசலில் கழுவுவது அப்போது அம்மாவின் தினப்படி வேலை. ஒரே டிரெய்லருக்கு அப்பா மூன்றாவது முறையாக, ஆயில் ஒழுகாமல் தடுக்கும் புது ரப்பர் சீல் அடித்தபோது, அவள் அச்சை விரலால் தடவிப் பார்த்து, “ஏனுங்க, அச்சு தேஞ்சு கோடு விழுந்திருக்குதுங்க. எத்தன சீல் போட்டாலும் ஒழுகுமுங்க” என்றாள்.

“போய் அடுப்பத் தடவு” என்று அப்பா எண்ணெய்த் துணியை அவள் முகத்தில் வீசினார்.

மறுவாரம் வண்டி மறுபடியும் ஒழுகி வந்தது. அப்பா அச்சைத் தடவினார், தேய்ந்த இடத்தில் வளையம் ஏற்றினார், ஒழுகல் நின்றது. “அண்ணன் கைக்குக் கண்ணு இருக்குதுங்க” என்றார் டிரைவர்.

எட்டு வயதுச் சிறுமியான நான், எல்லாவற்றையும் பார்த்திருந்தும், “எங்கப்பாவுக்குத் தெரியாததே இல்லீங்க” என்று கத்தினேன். அம்மா குனிந்தபடி அடுத்த ஹப்பை டீசலில் முக்கினாள். அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை.