கிடை போட்ட மண்

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை தூக்கினேன். பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரம் பஞ்சர் கடை போட்டேன். பெரம்பலூரில் மாடி வைத்து வீடு கட்டினேன். கொத்தனாருக்குச் சித்தாளும் நானேதான். எல்லாம் நாலாங்கிளாஸ் படிப்போடு. அறுபது தாண்டிய பிறகு முப்பது கண்ணாடி மீன் தொட்டி வைத்தேன், ஊறுகாய் பாட்டிலில் தொடங்கி ஆள் நீளத் தொட்டி வரைக்கும். ஒன்றிலும் மோட்டார் கிடையாது, பில்டர் கிடையாது. ஜன்னல் வெளிச்சமும் செடியும்தான். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தவர்கள் உண்டு.

எல்லாம் மண்ணில்தான் இருக்கிறது. எரு படாத, வெள்ளாமை வைக்காத மண்ணாகப் பார்த்து எடுப்பேன். நாலு தடவை ஊறவைத்து, மிதக்கிற குப்பையை வடித்துவிட்டு, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புவேன். மேலே அலசின மணல். வாய்க்காலில் கிடக்கிற நீர்ப்பிரம்மியையும் வேலம்பாசியையும் முதல் நாளே நெருக்கி நட்டுவிடுவேன். இடம் விட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும். மண் கலங்காமல் இருக்க ஒரு தட்டை வைத்து அதன் மேல்தான் தண்ணீர் ஊற்றுவேன். யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

என் வீட்டுக்காரியின் தம்பி ரிட்டையர்டு வாத்தியார். அரியலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவன் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அங்கே வரவேற்பறையில் தொட்டி வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனான். இரண்டு நாள் மண்டி போட்டு வைத்துக்கொடுத்தேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் கீழே ஒரு பலகை. ‘அமைத்தவர்’ என்று போட்டு அவன் பேர், அதற்குப் பின்னால் ரயில் மாதிரி அவன் படிப்பு.

“என்ன மாப்ள இது?”

“படிச்சவங்க பேரு போட்டாத்தான் மாமா எடுபடும். பஞ்சர் கடைன்னா போட முடியும்?” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

ஆண்டு விழாவுக்கு இன்னொரு பெரிய தொட்டி, அதை அவனே தனியாக வைப்பதாக ஒத்துக்கொண்டான். என்னிடம் செடி மட்டும் கேட்டு வந்தான். வந்தவன் சும்மா போகவில்லை.

“மண்ணு என்னுதே இருக்கு மாமா. எங்க கொல்லையில இந்த வருசம் ஆட்டுக்கிடை போட்டோம். கருகருன்னு கெடக்கு. உங்க வத்த மண்ணு எதுக்கு?”

பத்து நாள் இருநூறு ஆட்டை அடைத்துப்போட்ட மண். புழுக்கையும் மூத்திரமும் ஊறினது. கம்புக்கும் கடலைக்கும் அமிர்தம். தொட்டிக்குள் தண்ணீரைக் கட்டி வைத்தால் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் தடுத்திருக்கலாம்.

“தாராளமா போடு மாப்ள. மீன மட்டும் ஒரு மாசம் கழிச்சு விடு” என்றேன். மீன் என்ன பாவம் பண்ணிற்று?

விழாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போனேன். தொட்டியில் தண்ணீர் கீரை மசியல் மாதிரி நின்றது. அடியிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பி வெடித்தது. நாற்றமோ வாசல் வரைக்கும் வந்து வரவேற்றது. சிறப்பு விருந்தினர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “உள்ள ஏதாச்சும் செத்துக் கெடக்கா சார்?” என்று கேட்டார். பள்ளிக்கூடத் தாளாளர் என் மச்சினனைப் பார்த்தார். அவன் இதற்கும் தன் பேர் போட்டு மாட்டியிருந்த பலகையைப் பார்த்தான். அன்றைக்குக் கொடுத்த காபி போல ஒரு காபி நான் குடித்ததில்லை.

மூன்றாம் நாள் போன். “கொஞ்சம் வந்து பாருங்களேன் மாமா.”

“படிச்சவங்க வச்ச தொட்டியாச்சே. நான் என்னத்தப் பாக்கறது?”

“கோவத்த விடுங்க மாமா. பலகையில உங்க பேர போட்டுடலாம்.”

அந்த ஒரு சொல்லுக்காகப் போனேன். அத்தனை மண்ணையும் வாளி வாளியாக வாரிக் கொட்டினேன். அவன் வேண்டாமென்ற என் வத்த மண்ணையே கொண்டுவந்து போட்டு, ஒரு சாக்குச் செடி நட்டேன். ஒரு மாதத்தில் தண்ணீர் தெளிந்தது. பிறகு கப்பி மீன் விட்டேன். இன்றைக்கு அது குட்டி போட்டுப் பெருகிக் கிடக்கிறது.

பலகையில் இன்னும் அவன் பேர்தான். கேட்டால் பெயிண்டர் வரவில்லையாம். பள்ளிக்கூடத்துக் கேட்டுக்குப் பச்சை அடிக்க மட்டும் வந்தான்.

அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன். அந்தத் தொட்டி நாறியதும் என்னால், தெளிந்ததும் என்னால். இரண்டு பலகையையும் கழற்றி, என் பேரை எழுதி மாட்டு மாப்ள. பக்கத்தில் நாலாங்கிளாஸ் என்று போடு. பஞ்சர் கடை என்றும் போடு. ஓரெழுத்துக்கூட விடக்கூடாது.