இலையில் மிச்சம் வைக்காதவன்

என் சின்ன மகன் சாப்பிடுவதைப் பார்த்தால் பசியில்லாதவனுக்கும் பசிக்கும். பரோட்டாவைப் பிய்ப்பது, சால்னாவில் புரட்டுவது, விழுங்குவது எல்லாம் ஒரே ஓட்டம், சட்டையில் ஒரு துளி சிந்தாது. பெரியவன் சாப்பிட்டால் சட்டையெல்லாம் குழம்பு. சரி, அவன் கதை இப்போது எதற்கு?

சின்னவன் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். செங்கம் ரோட்டில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடையில் சாப்பாட்டுப் போட்டி வைத்தார்கள், இவன் ஜெயித்தான். அப்புறம் வேலூர், ஆரணி, சென்னை என்று எங்கே போட்டி என்றாலும் இவன்தான். ஒரு தடவை ஃபிரிட்ஜ் ஜெயித்துக் கொண்டுவந்தான். நான் பூ விற்கிறவள், எனக்கு அது எவ்வளவு உபயோகம் தெரியுமா? மீந்த சரம் மறுநாளும் வாடாது. பக்கத்துக் கடைக்காரி போனில் அவன் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்பாள்.

"இன்னாக்கா, உன் புள்ளைக்கு வயிறா, கிணறா?"

"கண்ணு வைக்காதடி. நீயும் வேணும்னா துன்னு பாரு."

அவனுக்குப் பயிற்சி என்றால் பௌர்ணமிதான். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையிலேயே இருக்கிறது. அன்றைக்கு வழி முழுக்க அன்னதானப் பந்தல். மற்றவர்கள் லிங்கத்துக்கு லிங்கம் நின்று கும்பிடுவார்கள், இவன் பந்தலுக்குப் பந்தல் நின்று சாப்பிடுவான். நடக்க நடக்க வயிறு இறங்கும், அதற்குள் அடுத்த பந்தல் வந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சோறு போட வரும்போது வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் இலையில் விழுந்துவிட்டால் அது அண்ணாமலையார் சோறு. ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. இவன் வைத்ததே இல்லை.

கடைசிப் போட்டி எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. இட்லிப் போட்டி. சாமிக்குப் படைத்துவிட்டுத்தான் இலையில் போட்டார்கள். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே உட்கார்ந்த ஆரணிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினான். போட்டி நடத்தியவர் இவன் கையைப் பிடித்தார்.

"போதும்ணா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. எழுந்திருங்க."

"இலைல இன்னும் கீதேப்பா."

"அதுக்கு இன்னா இப்போ? வுட்டுடுங்க."

"படைச்ச இட்லி. எப்டி வுட்றது?"

மீதியையும் தின்று முடித்தான். கூட்டம் விசில் அடித்தது. மாலையோடு ஆட்டோ வரைக்கும் வந்தவன், ஏறாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் இரைப்பை கிழிந்துவிட்டது என்று வயிற்றைத் திறந்து, அதில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

"இனிமே ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம்தாம்மா. ஜாஸ்தி குடுக்காதீங்க" என்றார் டாக்டர்.

"பழையபடி எப்ப சார் சாப்புடுவான்?"

"இனிமே இதாம்மா அவருக்குச் சாப்பாடு."

டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் மாமியாருக்குக்கூட ஒரு டாக்டர் நாள் குறித்தார், அதற்கப்புறம் அந்தம்மா என்னைப் பல வருஷம் திட்டிவிட்டுத்தான் போனாள். அதனால் காத்திருந்தேன். கஞ்சி கொஞ்சம் ஜாஸ்தியானால் வாந்தி எடுத்தான். உடம்பு பாதியாகிவிட்டது. ஆட்டோவை விற்றாயிற்று. மலையைச் சுற்றி வந்தால் ஒருவேளை பசி வரும் என்று போன பௌர்ணமிக்கு மெல்ல அழைத்துப் போனேன். கொஞ்ச தூரத்திலேயே கால் தள்ளாடியது. ஒரு பந்தலில் உட்கார வைத்தேன். பரிமாறுகிறவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, நம்ம சாம்பியன். வாண்ணா வாண்ணா, நீ கேக்கவே வாணாம்."

இவன் கையை நீட்டித் தடுப்பதற்குள் இரண்டு கரண்டி சாம்பார் சாதம் இலையில் விழுந்துவிட்டது. நாலு வாய் சாப்பிட்டான். நெற்றியெல்லாம் வேர்த்தது. இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"முடியலம்மா."

இலையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"எப்டிம்மா கீது?"

"உப்பு கம்மிடா."

உப்பு சரியாகத்தான் இருந்தது. கடைசிப் பருக்கை வரைக்கும் அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.